இரண்டாவது பிரேக்

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் இங்கே உயிரோடும், ஓரளவு சுயநினைவோடும் இருக்கிறேன். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? ஆபீஸ் படியில் ஏறும்போது கைப்பிடியை விடாதே.

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. முதல் பத்து நாள் கை நடுங்கிய நடுக்கத்துக்கு இது முத்து முத்தான எழுத்து. இந்தக் குடிமீட்பு இல்லத்தில் ஒன்பது மாதமும் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று நீ என்னைச் சேர்த்துவிட்ட அன்றே சொன்னார்கள் அல்லவா, அது நிஜம்தான். இருபது வருஷமாக டிரைவிங் கற்க வருகிறவர்களின் விண்ணப்பப் படிவத்தைத் தவிர நான் வேறெதுவும் எழுதியதில்லை. அதனால் இந்தக் கடிதமும் பெயர், வயது, ரத்த வகை என்று போனால் பொறுத்துக்கொள்.

அறையில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். இன்னொரு கட்டிலில் ஒரு தையல்காரர். வந்து மூன்று மாதமாகிறது, அதனால் தன்னை சீனியர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் துணி காயப்போடும் கொடியும் வாசல் கேட்டும் தெரியும்.

அந்தக் கேட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்குப் பூட்டே கிடையாது. பக்கத்தில் ஒரு மர அலமாரி, அதில் ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி. என் போன், பர்ஸ், லைசென்ஸ் எல்லாம் என் பெட்டியில். அதற்கும் பூட்டு இல்லை. தினமும் காலை ஜெபம் முடிந்ததும் அவரவர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். போகிறவன் எடுத்துக்கொண்டு போகலாம், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இருக்கிறவன் மூடியை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம். இதுதான் இங்கே சட்டம்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இல்லத்தை நடத்தும் போதகரிடம் போனேன். அவரும் ஒரு காலத்தில் குடித்தவர்தான், பஸ் கண்டக்டராக இருந்தவர். "ஐயா, இதுக்கு ஒரு பூட்டு போட்டு சாவியை நீங்களே வச்சுக்கோங்க. நான் என்னை முழுசா ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துட்டேன்" என்றேன்.

"நான் பூட்டிட்டா நீ எதை ஒப்புக்கொடுப்ப, மாஸ்டர்? குடுக்கணும்னா உன் கையில ஏதாவது இருக்கணும்ல?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் போய் மூடியை மூடிவிட்டு டீ குடித்தேன். உனக்குப் புரிந்தால் எழுது.

உன் ஜெபத்தை நம்பியிருக்கும்,
தம்பி


ஜனவரி 27

என் சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். முட்டி அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? எடை பார்க்கும் மெஷின் அங்கே இருந்தால் ஏறிப் பார்த்து எழுது.

போதகர் சொன்னதைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதே. யோசிக்க ஆரம்பித்தால் நீ எங்கே போய் நிற்பாய் என்று எனக்குத் தெரியும். உன் புத்தியை வைத்து நீ நடந்ததெல்லாம் போதும். எல்லாவற்றையும் ஆண்டவர் காலடியில் போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு சும்மா இரு. ஒன்பது மாதம் சும்மா இருப்பது என்ன பெரிய வித்தையா? முடிகிற அன்று காலையிலேயே மெக்கானிக்கைக் காரோடு கூட்டிக்கொண்டு வந்து கேட்டில் நிற்பேன். உன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே விட்டது போலவே, பிடித்து வெளியே கூட்டி வருவேன்.

இங்கே நம் ஸ்கூல் ஓடுகிறது. காலை வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தெரு டீச்சரம்மா தன் சொந்தக் காரோடு வருகிறார். நம் காரின் முன்பக்கத்தை மெக்கானிக் சரிசெய்துவிட்டான், சுவரில் மோதியதென்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். அன்று காரை ஓட்டிய நர்ஸ் பெண்ணுக்கு மணிக்கட்டில் போட்ட கட்டைப் பிரித்தாகிவிட்டது. கேட்கிறவர்களிடமெல்லாம், கற்றுக்கொள்கிற பெண், பதற்றத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள், உனக்கும் உடம்பு சரியில்லை, ஓய்வுக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நாளைக்கு உன்னிடம் யார் கேட்டாலும் அதையே பிடித்துக்கொள்.

இரண்டு பனியன், ஒரு போர்வை அனுப்பியிருக்கிறேன். போர்வையைத் தையல்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதே. உன் தாராள மனசு எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது. நடுக்கம் நின்றுவிட்டது. உன் ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போடுகிறாயா? போர்வையைக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

"சும்மா இரு" என்று எழுதினாய். அதை நான் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டேன். எனக்குக் கொடுத்த வேலை சலவை. முப்பத்திரண்டு பேருடைய படுக்கை விரிப்பு. நானோ எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்தவன் அல்லவா? சலவை அறைக் கல்லில் உட்கார்ந்து, ஆண்டவர் என்னை நடத்தட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு நாள் நடத்தவில்லை. மூன்றாம் நாள் தையல்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "விரிப்பு துவைக்கிற வேலையையும் அவர் தலையிலயே கட்டிட்டியா?" என்று கேட்டுவிட்டு, இல்லம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

போதகர் சிரிக்கவில்லை. மெஷினில் துணியைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஸ்டியரிங்கை விட்டுட்டு சீட்டுல சாஞ்சு தூங்கறதுக்குப் பேரு ஒப்புக்கொடுக்கறது இல்ல மாஸ்டர். அதைத்தான் நீ குடிச்சிட்டு இத்தனை வருஷம் செஞ்ச."

சுரீரென்றது. ஏனென்றால் டிசம்பரில் நடந்தது அதேதான். அவருக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு முறையாவது நான் எழுதிப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி முனையில் அந்த நர்ஸ் பெண் ஒழுங்காகத்தான் ஓட்டிக்கொண்டு வந்தாள். திருப்பத்தில் எதிரே வேன் வந்ததும் பதறினாள். கற்றுக்கொள்கிறவர்கள் பதறத்தான் செய்வார்கள், அதற்காகத்தானே மாஸ்டர் பக்கத்தில் இரண்டாவது பிரேக் வைத்திருக்கிறது? அது என் காலுக்குக் கீழே இருந்தது. நான் போதையில் தூங்கிக்கொண்டிருந்தேன். சுவர் வந்துதான் என்னை எழுப்பியது.

இதையெல்லாம் ஒளிக்காமல் அவளுக்கு ஒரு கடிதமாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை, நீ படித்துப் பார்க்கலாம். அவளிடம் கொடுத்துவிடு, அக்கா. தவறு தன்னுடையது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இப்போது தினமும் நாற்பது விரிப்பு துவைக்கிறேன். எட்டு விரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அன்புத் தம்பி


மார்ச் 4

என் சின்னவனுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எடையே சொல்கிறது. மாத்திரை போடுகிறேன். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், நான் டாக்டரிடம் போவதைக் குறைத்துவிட்டேன்.

ஆபீஸுக்கு வெள்ளையடித்தேன். பழைய போர்டை இறக்கிக் கழுவி மாட்டினேன். "மாஸ்டர் எப்பம்மா வருவார்?" என்று ஒரு நாளைக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். டீச்சரம்மா நல்லவர்தான், ஆனால் ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்கும்போது போடுகிற சத்தத்தில் தெருவே ஒதுங்கி நிற்கிறது. உன்னைப் போலப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உன் பேர் இன்னும் கெடவில்லை. அதை நினைத்துச் சந்தோஷமாக இரு.

ஆபீஸ் ஜன்னலில் அணில் கூடு கட்டியிருக்கிறது. விரட்ட மனசு வரவில்லை. ஃபேனையும் மாற்ற வேண்டும், மாடு கத்துவது போலச் சத்தம் போடுகிறது. மழை சரியாக இல்லை. சோப்புத் தண்ணீரில் நின்று நின்று காலில் புண் வைத்துக்கொள்ளாதே, தேங்காய் எண்ணெய் தடவு.

உனக்காக மூன்று வேளையும் ஜெபிக்கும்,
அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கால் நன்றாக இருக்கிறது. அணில் நலமா?

அணிலைப் பற்றி எழுதினாய், ஃபேனைப் பற்றி எழுதினாய், மழையைப் பற்றி எழுதினாய். நர்ஸ் பெண்ணிடம் கடிதத்தைக் கொடுத்தாயா என்று மட்டும் எழுதவில்லை. மறந்திருப்பாய். அடுத்ததில் எழுது.

இங்கே எனக்கு ஒரு சோதனை. வெள்ளிக்கிழமைதோறும் சந்தைக்குப் போய்க் காய்கறி ஏற்றி வருகிற ஆள் ஒன்பது மாதம் முடித்துக் கிளம்பிவிட்டார். இல்லத்தின் வேனை இனி நான் ஓட்ட வேண்டுமாம். தனியாக. போதகர் வேன் சாவியைக் கொண்டுவந்து சோப்புக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

"ஐயா, சந்தை முனையில ஒரு பார் இருக்கு."

"தெரியும். நானே அதுல குடிச்சிருக்கேன்."

"யாராவது கூட வந்தா நல்லது."

"ஆண்டவர் வருவார்."

"அவர் பிரேக் போடுவாரா?"

"நீ போட மாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளே இருக்கும்வரை நான் நல்லவன். கேட்டைத் தாண்டினால் நான் யார் என்று எனக்கே தெரியாது. டிசம்பருக்குப் பிறகு ஸ்டியரிங்கையே தொடவில்லை. இரண்டு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ஜெபித்துக்கொள், அது போதும்.

தம்பி


ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு,

சலவையில் இருக்கும் மாஸ்டரின் அக்கா பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் குடும்பமும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

என் தம்பியை வேனில் தனியே அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஐயா பெரியவர், அறியாமல் செய்யமாட்டீர்கள். ஆனால் அவனை வளர்த்தவள் நான். அவன் மனசு தங்கம், கால் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்காது.

ஆகவே எங்கள் பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கம் இருந்த இரண்டாவது பிரேக்கை மெக்கானிக்கை விட்டுக் கழற்றி, கம்பி, நட்டு, போல்ட் எல்லாம் சேர்த்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எந்த வேனுக்கும் பொருத்தலாம், அரை நாள் வேலை. தாங்களோ, நம்பிக்கையான ஒருவரோ பக்கத்தில் உட்கார்ந்து, பார் வரும் முனையில் காலைத் தயாராக வைத்துக்கொண்டால் போதும். பிரேக்கை மீறி அவன் பார் பக்கம் ஓட்டப் பார்த்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதையும் யோசித்தேன். கிளட்ச்சையும் அனுப்பியிருக்கிறேன்.

இதை அவனிடம் சொல்ல வேண்டாம். மனசு நோவான்.

தங்கள் ஜெபத்தை நாடும்,
மாஸ்டரின் அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

நான் நலம். உன் பார்சலும் நலமாக வந்து சேர்ந்தது.

போதகர் அதை ரகசியமாகத்தான் வைத்திருப்பார். ஆனால் பதினொரு கிலோ இரும்பு ரகசியமாக வராது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தார்கள், எல்லோரும் சுற்றி நின்றார்கள். பிரித்ததும் நான் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டேன். பத்து வருஷமாக என் செருப்பு தேய்த்த பிரேக் அல்லவா? டிசம்பரில் நான் மிதிக்காமல் விட்ட பிரேக். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தையல்காரர் கண்ணீரே விட்டார். நான் சிதறிய நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தையும் போதகர் என்னிடமே கொடுத்துவிட்டார். "என் பேருக்கு வந்திருக்கு, விஷயம் உன்னோடது. பொருத்தட்டுமா? நீ சொன்னா நாளைக்கே பொருத்திடலாம், நானே பக்கத்துல உட்கார்றேன். உன் இஷ்டம்" என்றார்.

சொல்லிவிடட்டுமா? சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. எவ்வளவு சுகம்! பக்கத்தில் ஒரு கால் இருந்தால் என் கால் தூங்கலாம். அப்போதுதான் உறைத்தது. "வேணாம்யா" என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சந்தையில் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பகல் பன்னிரண்டரை மணி. பார் முனை வந்ததும் வேன் நின்றது. பெட்ரோல் தீரவில்லை, பஞ்சராகவில்லை, நான்தான் நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன். ஆண்டவரே, என்னைத் தடுத்துவிடும் என்று ஜெபித்தேன். ஒரு போலீஸ்காரராவது வந்து இங்கே வண்டியை நிறுத்தாதே என்று திட்டட்டும், கடைக்காரராவது ஷட்டரை இறக்கட்டும். ஒன்றும் நடக்கவில்லை. அதைவிட மோசம், உள்ளேயிருந்து ஒருவர் வெளியே வந்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தாமல் எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வர்றீங்களா?" என்றார். அவ்வளவு மரியாதையாக.

"இல்லண்ணே" என்றேன்.

அவர் கதவை விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் என்ஜினைக் கிளப்பி, முதல் கியருக்குப் பதில் மூன்றாவதைப் போட்டு, இரண்டு தடவை அணைந்துபோய், புதிதாகக் கற்க வந்தவன் போல இல்லம் வந்து சேர்ந்தேன்.

யாரும் எனக்காகப் பிரேக் போடவில்லை, அக்கா. "இல்லை" என்று சொன்னது நான்தான். ஆனால் இந்த வாயை எனக்கு நாற்பத்தொரு வருஷமாகத் தெரியும். அதற்கு அந்தச் சொல் பழக்கமே கிடையாது. சொன்னது நான், சொல்லக் கொடுத்தது நான் இல்லை. போதகர் முதல் வாரம் சொன்னது இப்போதுதான் புரிகிறது. என்னிடம் இருப்பதை நான்தான் கொடுக்க வேண்டும், தினமும் காலையில், கையாலேயே மூடியை மூடி. கொடுத்த பிறகு வாங்கிக்கொள்கிறவர் சும்மா இருப்பதில்லை.

நீ செய்தது அன்பினால்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்குக் கோபமும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். நர்ஸ் பெண்ணிடம் கடிதத்தைக் கொடுத்தாயா? அணிலைப் பற்றி எழுதாதே.

தம்பி


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? முட்டியா, ரத்த அழுத்தமா, கோபமா? கோபமென்றால் சந்தோஷம், மற்ற இரண்டும் வேண்டாம். போன் செய்ய வேண்டுமென்றால் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும், எடுத்தால் வெளியே போக வேண்டும். இன்று காலை அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்துவிட்டேன். பிறகு மூடினேன்.

உன் பிரேக் வீணாகவில்லை. காற்றுக்குக் கேட் தானாகச் சாத்திக்கொள்கிறது. திறந்தே இருக்கட்டும் என்று உன் இரும்பை அதற்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம்.

எழுது. அணிலைப் பற்றியாவது எழுது.

தம்பி


ஜூன் 20

என் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. முட்டி வலி இருக்கிறது, அது இந்தக் கடிதத்தின் விஷயம் இல்லை.

கொடுக்கவில்லை. பிப்ரவரியிலேயே உறையை ஒட்டி, மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். அந்தப் பெண் படித்தால் நாலு பேரிடம் சொல்வாள், ஸ்கூல் போய்விடும், உன் பேர் போய்விடும், நீ திரும்பி வர ஒரு இடமும் இருக்காது என்று பயந்தேன். உனக்காகத்தான் செய்கிறேன் என்று ஆண்டவரிடமும் சொல்லிவிட்டேன். தினமும் காலையில் எல்லாம் உம் சித்தம் என்று சொல்லிவிட்டு எழுந்து, அன்றைக்கு அவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று அவருக்கே வேலை பிரித்துக் கொடுக்கிறவள் நான்.

உன் ஏப்ரல் கடிதம் வந்த பிறகு டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அந்த உறை கண்ணில் பட்டது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. புதினா மிட்டாய் டப்பா. அதைப் பற்றி நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. நானே எழுதட்டும் என்று விட்டு வைத்தாயா, போதையில் உனக்கு நினைவே இல்லையா, தெரியவில்லை.

டிசம்பரில் அன்று காலை ஒன்பது மணிக்கு நீ கார் சாவிக்குக் கை நீட்டினாய். வாடை மேஜைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் அடித்தது. வெளியே பெஞ்சில் மூன்று பேர் வகுப்புக்குக் காத்திருந்தார்கள், முதல் ஆள் அந்த நர்ஸ் பெண். நான் டிராயரைத் திறந்தேன். சாவியைக் கொடுத்தேன். ஒரு மிட்டாயும் கொடுத்தேன். அந்த டப்பாவை உனக்கென்றே வாங்கி வைத்தவள் நான்தான், தம்பி, நாலு வருஷமாக. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பிரேக்கை மிதிக்காதது அரை மணி கழித்து. நான் மிதிக்காதது அதற்கு முன்னாலேயே. நான் போதையில் கூட இல்லை.

போன திங்கட்கிழமை உறையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்வரை நின்றேன். அங்கேயே நின்றபடி படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"ஆறு மாசமா நான்தான் தப்பா மிதிச்சிட்டேன்னு நினைச்சிட்டிருக்கேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்மா. சாவியைக் குடுத்ததே நான்தான். நீ தப்பா மிதிச்சன்னு ஊரெல்லாம் சொன்னதும் நான்தான்" என்றேன்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அன்றைக்கே கேட்கிறவர்களிடமெல்லாம் நடந்ததை நடந்தபடி சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு பேர் வகுப்பை விட்டு நின்றுவிட்டார்கள். ஸ்கூல் இருக்குமா, போகுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை, கை கால் எல்லாம் உதறுகிறது. உனக்கு முதல் பத்து நாள் இப்படித்தான் இருந்ததா?

நாலாம் நாள் அந்தப் பெண் ஆபீஸ் படியேறி வந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். தன் பயிற்சி அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். "இன்னும் ஏழு கிளாஸ் பாக்கி இருக்கு. மாஸ்டரே வந்து முடிக்கட்டும். முழிச்சிட்டு இருக்கச் சொல்லுங்க" என்றாள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டுப் போனாள்.

என்னை மன்னித்துக்கொள்.

அக்கா

அணிலுக்கு மூன்று குட்டி.


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை ஜன்னலோரம் நின்று படித்தேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். துக்கம் இல்லை, பெரிய மூட்டையை இறக்கி வைத்தால் தோள் நடுங்குமே, அந்த மாதிரி. தையல்காரர் நம் போர்வையின் ஒரு முனையை நீட்டி, துடைத்துக்கொள் என்றார். அவர் அடுத்த வாரம் கிளம்புகிறார். போர்வை அவரோடு போகிறது, அதற்கும் என்னை மன்னித்துவிடு.

மிட்டாய் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அதை எழுதவில்லை, ஏனென்றால் அது நீ எழுத வேண்டியது. உன் பெட்டியின் மூடியை நான் எப்படி மூடுவது? வாங்கிய கை என்னுடையது, வாயில் போட்டவனும் நான். உன் பங்கை நீ எடுத்துக்கொண்டாய், என் பங்கை என்னிடமே விட்டுவிடு. மன்னிக்க என்ன இருக்கிறது என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. மன்னித்துவிட்டேன்.

ஆமாம், முதல் பத்து நாள் அப்படித்தான் உதறும். தண்ணீர் நிறையக் குடி.

ஏழு வகுப்பையும் நான் எடுப்பேன். செப்டம்பர் முப்பதோடு எனக்கு ஒன்பது மாதம் முடிகிறது. இங்கேயே இன்னும் இரு என்று போதகர் சொல்லவில்லை, போய்விடு என்றும் சொல்லவில்லை. கேட்டால், உன் இஷ்டம் என்பார், அதனால் கேட்கவே இல்லை. வருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கேட்டுக்கு வராதே, மெக்கானிக்கையும் அனுப்பாதே. நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்குவேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸுக்குப் பதினைந்து நிமிஷ நடை. வழியில் இரண்டு கடை இருப்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அந்தப் பதினைந்து நிமிஷத்தை எனக்குக் கொடு. நான் தனியாக வரமாட்டேன், அவர் கூட வருவார். ஆனால் நடக்க வேண்டியது என் கால்தான்.

நீ சரி என்று எழுதினாலும் எழுதாவிட்டாலும் இதை மறுபடி கேட்கமாட்டேன்.

தம்பி


செப்டம்பர் 21

என் தம்பிக்கு,

நலம். முட்டிக்குப் புது எண்ணெய் தடவுகிறேன். பதில் எழுத இரண்டரை மாதமா என்று கேட்பாய். எழுதிக்கொண்டேதான் இருந்தேன், கிழித்துக்கொண்டும் இருந்தேன்.

மெக்கானிக்கிடம் முப்பதாம் தேதி கார் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். உன் கடிதம் வந்ததும் வேண்டாம் என்றேன். மறுவாரம் வேண்டும் என்றேன். மூன்றாம் தடவை போன் செய்தபோது, "அக்கா, நீங்க முதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க" என்று வைத்துவிட்டான். எங்கோ ஓரமாக நின்று உன்னைத் தூரத்திலிருந்து பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் போட்டோ ஸ்டுடியோக்காரர் நாற்காலி போடுகிறேன் என்றார். நேற்றுப் போய் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் வரமாட்டேன். யாரையும் அனுப்பமாட்டேன்.

நின்றுபோன இருவரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். நம் காருக்குப் புதிதாக இரண்டாவது பிரேக் போட்டாகிவிட்டது. பழையது அந்தக் கேட்டிலேயே இருக்கட்டும். நர்ஸ் பெண் அக்டோபர் மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு வருவாள், நீ ஆறரைக்கே இருக்க வேண்டும். புதினா மிட்டாய் டப்பாவில் இப்போது ஸ்டேப்ளர் பின் இருக்கிறது. கார் சாவியை டிராயரில் வைப்பதில்லை. வாசலுக்கு நேரே சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன், உன் கை எட்டும் உயரத்தில். நீ கேட்டு நான் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

முப்பதாம் தேதி நாலு மணிக்கு நான் மேஜையில் உட்கார்ந்து படிவங்களை அடுக்கிக்கொண்டிருப்பேன். நாலேகாலுக்கு இரண்டு கப் டீ போடுவேன். நாலரை வரை வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கமாட்டேன், இது சத்தியம். அதற்கு மேல் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது, அதையும் ஆண்டவரிடம்தான் விட்டிருக்கிறேன். டீ ஆறிப்போனால் மறுபடி சுட வைக்கலாம்.

நீ நடந்து வா.

அக்கா